பெட்டிக்கு அடியில் ஒரு காந்தம்



பிரான்சு நாட்டின் ராபர்ட் ஹூடின் (1805-1871) கடிகாரத் தொழில் கற்றவர். வித்தைக் கருவிகளைத் தாமே செய்து மேடையேறியவர். 1856-இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. சிறுவனும் தூக்கும் பெட்டியொன்றை அங்கே முஸ்லிம்கள் முன் வைத்தார். பலசாலி ஒருவரை அழைத்து, "உம் வலிமையைப் பறித்துவிட்டேன்" என்றார். பெட்டி அசையவில்லை. அதன் அடியில் இரும்பு. மேடைக்குக் கீழே மின்காந்தம்!

பாரிசில் வேடிக்கையாயிருந்த அதே பெட்டி, அல்ஜீரியாவில் மக்களை அச்சுறுத்தும் ஆயுதமாயிற்று. குற்றம் பெட்டியிலா? அதைப்பற்றிச் சொன்ன பொய்யிலா?

வித்தைக் கருவிகள் செய்து விற்பது இன்றும் ஒரு தொழில்தான். கைவேலையைக் கைவேலை என்றே சொல்லி விற்பது வேறு. அற்புதம் என்று விற்பது வேறு. நம் நாஞ்சில் நாட்டிலும் முற்றத்தைத் தோண்டி, கைக்குள் மறைத்துக் கொணர்ந்த செப்புத் தகட்டைக் காட்டி, "செய்வினை எடுத்தேன்" என்று தாய்மார்களின் நகையைக் கறப்போர் உண்டல்லவா? அத்தகையோருக்குக் கருவி செய்து கொடுப்பவரும் அப்பாவத்தில் பங்காளியே.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கண்டித்தார்கள். மறைத்து விற்பதே மோசடி.

சகோதரிகளே! தகடு எடுக்க எவரேனும் வந்தால் மண்வெட்டியை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். வந்தவர் தள்ளி நிற்கட்டும். தகடு வருகிறதா, பாருங்கள்!

நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே. சிந்திப்போமாக!