காசநோய்க் கிருமியின் சர்க்கரை உறை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று உத்திரமேரூரில் ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் போனால், முதலில் கேட்பது சளி. துப்பத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையும், எச்.ஐ.வி.யால் உடல் உருகிப்போனவரும் அந்தச் சளிக்கு எங்கே போவார்கள்?

விடை காசநோய்க் கிருமியின் மேலுறையிலேயே இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த லைப்போஅராபினோமன்னான், சுருக்கமாக லாம். அதன் நுனிகளில் மன்னோஸ் என்ற சர்க்கரை. நம் நோய் எதிர்ப்பு செல்களின் மேல் மன்னோஸைப் பற்றும் ஏற்பிகள் உண்டு. பல கிருமிகளைப் பிடித்து விழுங்க அவை உதவுகின்றன. காசநோய்க் கிருமியோ இந்தப் பிடியையே வாசலாக்கிக்கொள்கிறது. அவ்வழியே நுழையும்போது, அதைச் செரிக்க வேண்டிய அமிலப் பையோடு சேர்வது தடைபடுகிறது. நோய் எதிர்ப்பு செல்களில் ஒருவகையான டென்ட்ரைடிக் செல்லின் டிசி-சைன் ஏற்பியில் லாம் ஒட்டினால் அந்த செல்லின் விழிப்பே மட்டுப்படுகிறது என்று 2003-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொல்ல வேண்டிய செல்லே கிருமிக்குக் குடியிருப்பாகிறது.

இதில் நம் வட்டாரத்துக்குத் தனி அக்கறை இருக்க வேண்டும். உத்திரமேரூரை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம், 1968-இல் மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. சுமார் 3,60,000 பேர் அதில் வந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்று 1979-இல் தெரிந்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பும் அதையே சொன்னது. (குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது, பிறந்ததும் போடும் ஊசியைத் தவறவிடவே கூடாது.) மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் உடலை முன்பே பழக்கிவிட்டன என்பது ஊசி பலிக்காததற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். அவற்றின் உறையிலும் லாம் வகைப் பொருள் உண்டு.

சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் மன்னோஸ் பற்றுதலை ஆராய்வதில் 1999-இல் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. ரத்தத்தில் ஓடும் மன்னோஸ் பற்றும் புரதத்தின் மரபணு இரு பிரதிகளிலும் மாறியவர்கள், நுரையீரல் காசநோயாளிகளிடையே கூடுதலாக இருந்தார்கள். வேறு நாடுகளில் எதிர்மாறான முடிவுகளும் வந்தன. அதனால்தான் நம் மக்களிடமே இதை விரிவாக ஆராய வேண்டும்.

லாம் சிறுநீரிலும் வெளியேறுகிறது. அதைக் கண்டறியும் பட்டைச் சோதனையை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2015-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அரை மணிக்குள் முடிவு தெரியும். மற்றவர்களின் சிறுநீரில் லாம் மிகக் குறைவு என்பதால் அந்தப் பட்டை பலரைத் தவறவிடுகிறது.

2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், உடல் நலிந்த நோயாளிகளைக் கண்டறிந்த உடனேயே பிரித்துக் கவனிக்கும் முறையைத் தமிழ்நாடு கொண்டுவந்தது, பாராட்ட வேண்டியது. அதே அக்கறையோடு, நுட்பமான லாம் பட்டையை உருவாக்கவும் மாநில அரசு பணம் ஒதுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் இடங்களில் உத்திரமேரூர் போன்ற வட்ட மருத்துவமனைகளும், சளி தர முடியாத குழந்தைகளும் தொடக்கத்திலிருந்தே இடம்பெற வேண்டும்.