உட்படு சார்பும் தோன்றா எழுவாயும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் பேருந்து தொப்பூர்க் கணவாயில் இறங்குகையில், பாதையின் முழு வடிவம் நமக்குத் தெரிவதில்லை. ஆயினும் ஒவ்வொரு வளைவிலும் வண்டி எத்திசை நோக்குகிறது என்பதை அறிகிறோம். மேல்நிலைக் கணிதத்தில் வரும் உட்படு சார்பின் வகையிடலும் இத்தகையதே.

எக்ஸின் வர்க்கமும் ஒய்யின் வர்க்கமும் சேர்ந்தால் 25 என்னும் வட்டத்தைக் கொள்வோம். ஒய்யைத் தனியே பிரிக்காமலே இருபுறமும் வகையிடலாம். எக்ஸின் வர்க்கம் 2 எக்ஸ் ஆகும். ஒய்யின் வர்க்கமோ 2 ஒய் என்பதோடு நில்லாது. ஒய்யின் வகைக்கெழுவாலும் பெருக்கப்பட வேண்டும். மாணவர் இடறுவது இங்கேதான். சங்கிலி விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு பல வகுப்புகள் முடிந்துவிடுகின்றன.

'வந்தான்' என்பதில் 'அவன்' தோன்றுவதில்லை. ஆனால் விகுதி அவனைச் சுட்டுகிறது. ஒய்யும் அவ்வாறே, எக்ஸைச் சார்ந்திருப்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மறைந்த சார்பைச் சுட்டும் விகுதியே ஒய்யின் வகைக்கெழு. அதை விடுவது எழுவாயை மறந்து வாக்கியத்துக்குப் பொருள் கொள்வதாகும்.

விடை, எதிர்க்குறியுடன் எக்ஸின் கீழ் ஒய். (3, 4) என்ற புள்ளியில் சாய்வு −3/4. (3, −4) இல் 3/4. எக்ஸ் ஒன்றே, சாய்வுகள் இரண்டு. விடையில் ஒய் நிற்பதன் காரணம் இதுவே.

1638இல் தெக்கார்த் ஃபெர்மாவுக்கு அறைகூவலாக விடுத்த இலை வடிவ வளைவும் ஒய்யை எளிதில் பிரிக்கவியலாத இனமே.

'உட்படு' என்ற சொல்லின் பொருளை முதலில் விளக்கி, விதியைப் பின்னர் தருவதே முறை என்போம். தமிழ்வழி மாணவருக்குக் கலைச்சொல் பாரமன்று, திறவுகோல். அதைக் கையில் கொடுக்கும் பொறுப்பு கணித ஆசிரியருக்கு மட்டுமன்று, தமிழ் கற்பிக்கும் நமக்கும் உண்டு.