போர்வையும் வைக்கோலும்

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து நாம் போற்றுகின்றோம். ஆய்ந்து பாராது வழங்கும் அத்தன்மையைக் கொடைமடம் என்றனர் பழந்தமிழர். கொடுத்தவனுக்கு அது புகழாயிற்று. ஏற்ற மயிலுக்கு விளைந்த பயன் யாதென்று நாம் வினவுவதில்லை. வினவுதல் வேண்டும் என்பது என் கருத்து. அதனை எனக்கு உணர்த்தியது நூலன்று, ஒரு நாய்.

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கு மார்கழிப் பனியில் நாய் அடுப்புச் சாம்பலைத் தேடிச் சுருண்டுகொள்ளும். அதற்கு மேல் அதன் குளிரைப் பற்றி எவரும் சிந்தித்து நான் கண்டதில்லை. ஆசிரியத் தொழில் என்னை நுவரெலியாவுக்குக் கொணர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில், தை மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளிற் பனி உறைந்து, புற்றரையில் உப்புத் தூவியதுபோற் கிடக்கும்.

அத்தகைய ஒரு தை மாதத்தில் என் முற்றத்து நாய் நான்கு குட்டிகளை ஈன்றது. பெரியதொரு மரப்பெட்டியைத் தரையில் வைத்து, என் பழைய கம்பளியை அதனுள் விரித்தேன். பேகனை நினைந்து சிறிது பெருமிதமும் கொண்டேன். மூன்றாம் நாட் காலையிற் கம்பளி நனைந்து கனத்துக் கிடந்தது. ஒரு குட்டி விறைத்து இறந்திருந்தது.

அயலிலுள்ள லயத்தில் வாழும் மூதாட்டி ஒருவர், பல்லாண்டு கொழுந்து பறித்தவர், வந்து பார்த்தார். "கம்பளி பனியக் குடிச்சிரும் மாஸ்டர், வைக்கோலு குடிக்காது" என்றார். தம் பசுவுக்கென வைத்திருந்ததில் ஒரு கட்டைக் கொணர்ந்தும் தந்தார்.

அவர் கூற்றின் உண்மையைப் பின்னரே விளங்கிக்கொண்டேன். நாயின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. அவ்வெப்பத்தை நாம் வழங்க வேண்டியதில்லை; அது சிதறாமற் காத்தாற் போதும். வைக்கோற்றாள்களின் இடையே சிறைப்படும் காற்று அக்காவலைச் செய்கிறது. ஈரத்தை உறிஞ்சிய கம்பளியோ இருக்கும் சூட்டையும் கவர்ந்துகொள்ளும். பெட்டி பெரிதாயின் வெப்பம் பரந்து வீணாகும். நாய் எழுந்து நின்று, திரும்பி, சுருண்டுகொள்ளும் அளவே தக்கது. நான்கு செங்கற்களின் மேல் அதனை உயர்த்தி, காற்றுப் படாத பக்கத்தில் வாயிலை அமைத்து, சாக்குத் துண்டொன்றைத் திரையாகத் தொங்கவிட வேண்டும். வைக்கோல் ஈரமுற்றால் மாற்ற வேண்டும். பிறந்து சில கிழமைகள்வரை குட்டிகளுக்குத் தம் உடற்சூட்டைத் தாமே பேணும் ஆற்றல் இல்லை. தாயின் அணைப்பும் படுக்கையுமே அவற்றுக்கு உயிர்க்காவல். அவ்வாறு செய்தபின் எஞ்சிய மூன்றும் பிழைத்தன.

மனிதரே நடுங்கும் லயங்களின் அருகே நாய்க்கு வீடு எதற்கென்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே, லயத்துக் கூரைகளும் செப்பனிடப்படவேண்டும். ஆயினும் வைக்கோலைத் தந்தவர் அந்த லயத்துக் குளிரைப் பொறுத்தவரன்றோ? தம் குளிரை அறிந்தமையாற் பிறிதோர் உயிரின் குளிரையும் அவர் அறிந்தார். அருள் பங்கிடக் குறையும் பொருளன்று.

பேகன் கதையைக் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அம்மயிலுக்கு உண்மையில் வேண்டியிருந்தது யாது என்றும் மாணவரைக் கேளுங்கள். கம்பளியை ஈந்த அன்றிரவு எனக்கு இதமாக இருந்தது, அக்குட்டிக்கு இருக்கவில்லை.