கையொப்பத்துக்குப் பின் மூன்று நாட்கள்

சொந்த வீடு என்பது உத்தியோகத்தருக்கு ஆயுட்காலச் சேமிப்பு. கமக்காரருக்கோ பல போகங்களின் வியர்வை. அந்த வீட்டின் கூரையை மாற்றவோ, அறையொன்றைச் சேர்க்கவோ ஒப்பந்தகாரர் ஒருவர் படலையைத் திறந்து வருகின்றார். இன்றே கையொப்பமிட்டால் செலவு குறையும் என்கின்றார். முற்பணம் கைமாறுகின்றது. அன்றிரவு வீட்டார் கூடிக் கணக்குப் பார்க்கும்போதுதான், அவசரப்பட்டுவிட்டோமே என்ற எண்ணம் எழுகின்றது. அதன்பின் செய்யக்கூடியது யாது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கு விடையுண்டு. 1974ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மத்திய விதியின்படி, விற்பவர் வீடு தேடிவந்து செய்துகொண்ட, 25 டொலருக்குக் குறையாத பெரும்பாலான ஒப்பந்தங்களை, மூன்றாம் வேலை நாளின் நள்ளிரவுக்கு முன்னர் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம். கொடுத்த பணம் பத்து வேலை நாட்களுக்குள் திரும்பிவர வேண்டும். பேரம் எந்த மொழியில் பேசப்பட்டதோ, அந்த மொழியிலேயே ஒப்பந்தமும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் இன்னொரு சிறப்பாகும்.

பிரித்தானியாவில் 2013ஆம் ஆண்டுப் பிரமாணங்கள் வீட்டுத் திருத்த வேலைகளுக்கு 14 நாட்கள் அளிக்கின்றன. வீட்டுக்காரரின் வேண்டுகோளின்படி அக்காலத்தினுள்ளேயே வேலை தொடங்கியிருப்பின், நடந்த வேலைக்குரிய கூலியை அவர் கொடுத்தல் வேண்டும். ஆகவே, இவ்வுரிமையால் நேர்மையான தொழிலாளிக்கு நட்டம் விளையும் என்ற வாதம் நிலைக்காது.

எமது நாட்டிலோ, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்று நடத்தையைத் தடைசெய்கின்றது. சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடவும் வழிசெய்கின்றது. ஆனால், ஆறுதலாகச் சிந்தித்து விலகிக்கொள்வதற்கான நாட்களை அது வகுக்கவில்லை. முறைப்பாடு, மாடு மேய்ந்த பின் கேட்கும் நட்டஈடு. இரத்துச் செய்யும் உரிமையோ பயிருக்கு முன்கூட்டியே கட்டும் வேலி. அந்த வேலியைக் கட்டுவது பாராளுமன்றத்தின் கடமை.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தமிழில் பேசிய பேச்சைத் தமிழிலேயே எழுதித் தருமாறு கேட்போம். மூன்று நாட்களுக்குள் விலகினால் முற்பணம் முழுவதும் திரும்பும் என்ற ஒரு வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வோம். அதற்கு உடன்படாத ஒப்பந்தகாரரிடம் வீட்டை ஒப்படைக்குமுன் இருமுறை சிந்திப்பதே அறிவுடைமை.