வளர்றதுன்னா ஸ்கேல் பண்றதில்லீங்க!

கார்ட்டூன் ஹீரோவைப் பெரியவனாக்கச் சொன்னா பாதிப் பேர் என்ன பண்றாங்க? உயரத்தைக் கூட்டு, தோளை அகலமாக்கு, குரலைக் கட்டையாக்கு. முடிஞ்சது வேலை!

இதுக்கு போக்கிமான் ஆஷ் எவ்வளவோ தேவலை. 1997-ல 10 வயசுப் பையனா வந்தான், 2023-ல அதே பையனாவே கிளம்பிட்டான். வளர்க்கத் தைரியமில்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சு :-)

வளர்த்தா 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' ஹிக்கப் மாதிரி வளர்க்கணும். 2010 படத்து முடிவுல ஒரு காலை இழக்கிறான். 2014-ல 20 வயசுக்காரனா வர்றப்ப அந்தக் கால் மாயமா முளைச்சுடலை. பொய்க்கால்தான். ஆனா நடக்க ஒரு அமைப்பு, டூத்லெஸ் முதுகுல மிதிக்க ஒரு அமைப்புன்னு சட்டுனு மாத்திக்கிறான். பட்டறையில வேலை பழகின பையன் 5 வருஷம் சும்மாவா இருந்திருப்பான்? ஒல்லி உடம்பும் அப்படியே. அப்பா செத்து ஊர்த்தலைவன் ஆனாலும் அவன் பழைய ஹிக்கப்தான்.

"சின்னப் பசங்க படத்துக்கு இவ்வளவு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. என் புருவத்துல ஒண்ணாங்கிளாஸ் தழும்பு இன்னும் இருக்கு. உயரமானதால அது போயிடலை.

பழைய டேட்டாவை அழிச்சுட்டுப் புது வெர்ஷன் விட்டா அது அப்கிரேடு இல்ல சாமி, ஃபார்மட்!