வாசலில் ஒரு குதிர்

ஜப்பானில் 2011 மார்ச் 11-ந் தேதி நேர்ந்த பூகம்பத்தால் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. மறு வருஷமே நிஸ்ஸான் கம்பெனியார், தங்கள் லீஃப் மோட்டாரின் பாட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் செலுத்தும் சாதனத்தை வெளியிட்டார்கள். அதன் 24 யூனிட், அந்நாட்டுச் சாதாரணக் குடும்பத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாளைக்குப் போதும்.

நம் சர்க்காரும் 2024-ல், ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சந்தோஷமே. ஆனால் ஊர்க் கம்பியோடு மட்டும் இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடுவோரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. கொளுத்தும் வெயிலிலும் விசிறி சுழலாது!

விளைந்த நெல்லுக்குக் குதிர் வேண்டாமா? வாசலில் நிற்கும் மின்சார மோட்டாரே அந்தக் குதிராகலாம். மின்சாரத்தை வாங்கவும் திருப்பித் தரவும் வல்ல வண்டிகளையே கேட்டு வாங்குவோமாக.