காசு அவர்களுக்கு, கவலை நமக்கா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற வைகாசியில் என் தமக்கையின் திருமணத்திற்குத் துணி எடுக்க நானும் என் தந்தையாரும் பனமலையிலிருந்து விழுப்புரம் சென்றோம். மல்லாட்டை விற்ற பணம் அப்பாவின் இடுப்பு மடிப்பில் இருந்தது. ஊர்தி, எங்கள் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். பெரிய துணிக்கடை ஒன்றின் பக்கத்துச் சந்தில் வண்டிகளை நிறுத்த இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் நின்ற இளைஞர் 10 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு டோக்கனைத் தந்தார். சுவரில் ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்கியது. அப்பா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னாடா எழுதியிருக்கு அதுல?"

"வண்டி காணாம போனா நாங்க பொறுப்பில்லன்னு போட்டிருக்குப்பா."

"பொறுப்பில்லன்னா அப்புறம் எதுக்குடா துட்டு?"

எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலப் பலகையைப் படித்துச் சொல்லத் தெரிந்தது. அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்துத் துணிப்பைகளுடன் வெளியே வந்தால் டோக்கனைக் காணோம். பணம் எடுத்துக் கொடுத்த இடத்தில் எங்கோ விழுந்துவிட்டது போலும். வண்டி கண்ணெதிரே நிற்கிறது. சாவி கையில் இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகம் பனமலையில் வீட்டுப் பெட்டிக்குள். டோக்கனைத் தொலைத்ததற்கு 200 ரூபாய் அபராதம் கட்டினால்தான் வண்டியை விடுவோம் என்றார்கள். என் தந்தையார், தம் மகன் வயதுள்ள ஒருவரைப் பார்த்து, "சார், சார்" என்று கெஞ்சினார். நண்பர்களே, அந்தச் சொல்லை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. 200 ரூபாய் என்பது என் தாயார் வெயிலில் குனிந்து களை பறிக்கும் ஒரு பகற்பொழுது. கட்டினோம். ரசீது கேட்டேன். "இதுக்கெல்லாம் ஏது தம்பி ரசீது?" என்றார் அந்த இளைஞர். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி, "டோக்கன் கொறஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்க. நான் இன்னா பண்றது?" என்றார்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. துணிக்கடை, நகைக்கடை, திரையரங்கு, சென்னையின் பெரிய வணிக வளாகங்கள் என்று எங்கு சென்றாலும் இன்று இதே காட்சிதான். கட்டணம் உண்டு, பொறுப்பு இல்லை. இது முறைதானா என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். நகரில் நிலம் பொன் விலை விற்கிறது. காவலுக்கு ஆள் வைக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும். நிறுத்துமிடம் இலவசம் என்றால், காலையில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வெளியூர் போய் இரவில் வந்து எடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. கடைக்காரர் இலவச நிறுத்துமிடத்தின் செலவைத் தம் கைப்பணத்திலிருந்தா போடுவார்? துணியின் விலையில்தான் ஏற்றுவார். அப்படியானால் பேருந்தில் வந்து இறங்கும் என் தாயார், காரில் வருபவரின் நிறுத்துமிடத்திற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார் என்றாகிறது. ஆகவே கட்டணம் வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. குஜராத் உயர்நீதிமன்றம் 2019-இல், கட்டட விதிகளின்படி நிறுத்துமிடம் தரவேண்டியது வணிக வளாகங்களின் கடமை, அந்தக் கடமைக்குக் கட்டணம் கேட்க அவற்றுக்கு உரிமை இல்லை என்று கூறியது. கேரள உயர்நீதிமன்றமோ 2025-இல், நகராட்சியின் உரிமம் பெற்று வளாகங்கள் கட்டணம் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. தெலங்கானா அரசு 2018-இல் ஒரு நடுவழி கண்டது. முதல் 30 நிமிடம் யாருக்கும் கட்டணம் இல்லை. அதன்பின் ஒரு மணி நேரம் வரை, அங்கே பொருள் வாங்கிய பில்லைக் காட்டினால் கட்டணம் இல்லை. ஒரு மணி நேரத்திற்கு மேல் போனாலும், பில் தொகை நிறுத்தக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருந்தால் கட்டணம் இல்லை. கடைக்கு வந்தவருக்கும் கடையைச் சாக்காக வைத்து வண்டியை விட்டுப் போனவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஆணை அறிந்திருக்கிறது. நம் தமிழக அரசும் 2017-இல் திரையரங்குகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மாநகராட்சிப் பகுதியில் காருக்கு 20 ரூபாய், இரு சக்கர ஊர்திக்கு 10 ரூபாய் என்று. திரையரங்குக்கு வரம்பு வைக்க முடியுமானால் துணிக்கடைக்கு ஏன் முடியாது?

நம் மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பெரிய கடைகளும் வளாகங்களும் இத்தனை ஊர்திகளுக்கு இடம் விட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. அந்த இடத்தைக் கட்டடப் பரப்பின் கணக்கில் சேர்க்காமல் சலுகையும் தருகின்றன. தெருவில் வண்டிகள் நின்று பிறர் வழியை அடைக்கக் கூடாது என்பதற்காகத் தரப்பட்ட சலுகை அது. அந்த இடத்தையே தனி வருமானமாக்கும்போது, வருமானத்தோடு வரும் பொறுப்பையும் ஏற்கத்தானே வேண்டும்?

இனி அந்தப் பலகைக்கு வருவோம். 'நிறுத்துபவர் பொறுப்பு' என்று எழுதித் தொங்கவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது என்று உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1998-இல் டில்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தம் மாருதி காரின் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது கார் களவு போயிருந்தது. 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோமே என்றது ஓட்டல். 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒருவர் பொருளைத் தம் வசம் வாங்கி வைத்துக்கொண்டவர் அதைத் தக்க கவனத்துடன் காக்க வேண்டும். காவாமல் விட்டுவிட்டு அச்சடித்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு வேர் இருக்கிறது.

"அங்கே சாவியைக் கொடுத்தார்கள், இங்கே சாவி உங்களிடம்தானே இருக்கிறது?" என்று நம் கடைக்காரர்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அன்று என் கையில் சாவி இருந்தும் வண்டியை எடுக்க முடிந்ததா? டோக்கன் இல்லாமல் வண்டி வெளியே போகாது என்று குறுக்கே நின்றவர் யார்? டோக்கன் தொலைந்தால் வண்டி தங்கள் வசம் இருக்கிறது என்கிறார்கள். வண்டி தொலைந்தால் தங்கள் வசம் இல்லை என்கிறார்கள். ஒரே வண்டி எப்படி ஒரே நேரத்தில் இருவிதமாகவும் இருக்கும்? இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் என் ஐயம் இது.

பலகையின் மொழியும் சிறிய செய்தியன்று. இங்கிலாந்தில் செம்ஸ்போர்டு என்னும் ஊரின் வணிக வளாகத்தில், இலவசமாக அனுமதித்த 2 மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடம் காரை நிறுத்திய ஒருவருக்கு 85 பவுன் கட்டணம் விதித்தார்கள். வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2015-இல் கார்க்காரர் தோற்றார். அறிவிப்புகள் பெரிதாக, பலவாக, எவரும் படிக்கும்படி இருந்தன என்பதையும் அந்நீதிமன்றம் எடுத்துச் சொல்லியது. ஊர்திக்காரர் தோற்ற வழக்கிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம் ஊரில் என் தந்தையாரால் படிக்க முடியாத ஒரு பலகையில் எழுதியதை அவர் ஒப்புக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை பெரிய சலுகைகள் அல்ல. கட்டணம் எவ்வளவு என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதட்டும். வாங்கும் காசுக்கு ரசீது தரட்டும். பொருள் வாங்கியவருக்குக் கட்டணத்தைக் கழிக்கட்டும். டோக்கன் தொலைந்தால் சாவியையும் அடையாளச் சான்றையும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை விடட்டும். ஓர் அட்டைத் துண்டின் விலை 200 ரூபாய் அன்று. அந்த அட்டைக்காகக் காவலரின் ஊதியத்தைப் பிடிப்பதையும் நிறுத்தட்டும்.

இவை மறுக்கப்பட்டால் வழியில்லாமலும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசியும் புகாரைப் பதியலாம். இதையெல்லாம் அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் ரசீது இல்லாமல் அந்த 200 ரூபாயைக் கொடுத்திருக்க மாட்டேன்.

எங்கள் பனமலையில் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து வருவோர் கீழே மரநிழலில் வண்டியை விட்டுவிட்டு, அங்கே ஆடு மேய்க்கும் பாட்டியிடம், "கொஞ்சம் பாத்துக்க ஆயா" என்று சொல்லிப் போவதுண்டு. ஆயா காசு வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் இறங்கி வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார். ஒரு சொல் வாங்கியவருக்கு இருக்கும் பொறுப்பு, காசு வாங்கியவருக்கு இருக்க வேண்டாமா?

அன்று வீடு திரும்பும் வழியில் அப்பா, "அந்தப் புள்ள மேல கோவப்படாதடா, அவனும் நம்மளாட்டம்தான்" என்றார். உண்மை. நம் கோபம் வாசலில் நிற்பவர்மீது அன்று, உள்ளேயிருந்து விதி எழுதுபவர்மீது இருக்க வேண்டும். நம்மில் பலரும் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோருக்காகப் பலகைகளைப் படித்துச் சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அந்தப் பலகை சொல்வது சரியா என்று கேட்பதும் நாம் கற்ற கல்வியின் கடமையே.

"பொறுப்பில்லன்னா எதுக்குடா துட்டு?" என்று என் தந்தையார் கேட்டார். அடுத்த முறை அதே கேள்வியை அந்தக் கடையின் முதலாளியிடம் நானே கேட்பேன், அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.